சசிதரன் ஆட்டம் பழகிய கோடை

கம்பம் மெட்டு மலைரோட்டில் ஜீப் ஓட்டும் சசிதரன், நாற்பது வயதுவரை எந்த ஆட்டத்துக்கும் காலை அசைத்தவனில்லை. திருவிழாவில் கூட்டாளிகள் துண்டைச் சுழற்றிக்கொண்டு ஆடினால் இவன் ஓரமாக நின்று அவர்களுடைய செருப்பைப் பார்த்துக்கொள்வான். அப்படிப்பட்டவன் ஒரு மே மாதம் தேனியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே, வெறுங்காலோடு கிரேக்க நாட்டு ஆட்டம் பழகிக்கொண்டிருந்தான். எல்லாம் அவன் மகள் மகிமாவுக்காக.

சசிதரனின் பிழைப்பு மலையோடுதான். விடியுமுன் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மேலே போவான், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த ஜெனிபர் தினமும் இவன் வண்டியில் முன்சீட்டில் வந்தாள். அவள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம், இவன் வீட்டில் குலசாமி கும்பிடுகிறவர்கள். இரண்டு பக்கமும் பகைத்துக்கொண்டு கல்யாணம் முடித்தார்கள். மகிமா பிறந்த பிறகு பகையும் கொஞ்சம் தணிந்தது.

தணியாதது சசிதரனின் குடி. தினக்குடி இல்லை, ஆனால் விசேஷம் என்று வந்துவிட்டால் நிறுத்தத் தெரியாது. மகிமாவுக்கு எட்டு வயது நடக்கும்போது, ஒரு கல்யாண வீட்டிலிருந்து திரும்புகையில், அவள் முன்சீட்டில் உட்கார்ந்திருக்க, ஜீப்பை வாய்க்காலில் விட்டான். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பிள்ளைக்கு இடது முழங்கை நொறுங்கிப்போனது. ஆஸ்பத்திரிக்கு வந்த ஜெனிபர் அவன் முகத்தையே பார்க்கவில்லை. கட்டுப்போட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராக அல்லிநகரத்தில் தன் அண்ணன் இம்மானுவேல் வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றோடு சசிதரன் குடியை விட்டான். விட்டதை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கு உத்தமபாளையம் கோர்ட்டில் நடந்தது. சனிக்கிழமைகளில் கோர்ட்டு வராந்தாவில், ஒரு பெஞ்சில், ஊழியர் ஒருவர் பார்த்திருக்க, அவனும் மகளும் உட்கார்ந்து பேசலாம். மகிமா ஸ்கூல் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவாள். இந்த நிலைமையில்தான் ஜெனிபருக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக அப்பன் சம்மதிக்க வேண்டும் என்றார்கள். சசிதரன் முடியாது என்றுவிட்டான். கோடை விடுமுறை முடிந்ததும் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டு முடிவு செய்கிறேன் என்று ஜட்ஜம்மா சொல்லிவிட்டார்.

விடுமுறை என்றால் கோர்ட்டு வராந்தாவும் பூட்டித்தான் கிடக்கும். சசிதரன் ஜெனிபருக்கு போன் போட்டான்.

"மாசம் பூராவும் பாப்பாவைப் பாக்காம நான் எப்படி இருப்பேன் ஜெனி?"

ஜெனிபர் சொன்னாள். "சம்மர் கேம்ப்ல சேத்திருக்கேன். பல நாட்டுக் கிராமத்து ஆட்டம், பாட்டு எல்லாம் சொல்லித்தாறாக. பெத்தவுகளும் சேந்து பழகலாமாம். வேணும்னா நீங்களும் வாங்க. ஹாலை விட்டு அவளை வெளிய கூட்டிட்டுப் போகக்கூடாது. உங்க வண்டியில அவ ஏறவே கூடாது."

"சத்தியமா ஏத்த மாட்டேன்."

சொல்லித்தந்தவள் இவாஞ்சலின் என்கிற போடிக்காரப் பெண். வெளிநாட்டில் படிக்கப் போன இடத்தில் இந்த ஆட்டங்களைப் பழகி வந்தவள். தோளில் அக்கார்டியனை மாட்டிக்கொண்டு வாசித்தபடியே வட்டத்துக்குள் நடப்பாள். ருமேனியாவில் கல்யாண வீடுகளில் ஆடுவது, கிரேக்க நாட்டில் கடலோரத்து ஆட்கள் கைகோத்து ஆடுவது என்று ஒவ்வொன்றாக எடுத்தாள். அர்த்தம் தெரியாத பாட்டுகளைப் பிள்ளைகள் அரைமணி நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள். பெற்றவர்களில் அம்மாக்கள்தான் அதிகம். வந்திருந்த இரண்டு மூன்று அப்பாக்களும் மறுநாளே நின்றுவிட்டார்கள்.

சசிதரன் நிற்கவில்லை. விடிகாலையில் தோட்டத்து ஆட்களை மேலே விட்டுவிட்டு, மலையிறங்கி, தேனிக்கு ஓடி வருவான். மதியம் வரை ஆட்டம். பிறகு மறுபடி மலைக்கு. கிரேக்க ஆட்டத்தின் தாளம் ஒரு காலைச் சாய்த்து நடப்பதுபோல் நொண்டும். இவாஞ்சலின் அதைத் "தகிட தக தக" என்று சொல்லித்தந்தாள். அவன் வளைவுகளில் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டி அதைப் பழகினான். பின்சீட்டில் இருந்து இருளம்மாள் என்கிற தோட்டத்துக் கூலிக்காரி கேட்டாள்.

"என்னப்பா, வாயில என்னமோ முனங்கிக்கிட்டே வர்றே?"

"டான்ஸ் பழகுறேன்க்கா."

வண்டியே சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் அவனுக்குள் இருந்தது ஒரே கணக்குத்தான். கேம்ப் முடிவதற்குள் பிள்ளை மனசை மாற்றிவிட வேண்டும்.

முதல் நாள் மகிமா அவனைக் கண்டதும் திகைத்து, வட்டத்தின் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டாள். கைகோத்துச் சுற்றி வந்து, கோத்த கைகளை எல்லாரும் தலைக்கு மேல் தூக்க வேண்டிய இடத்தில், அவள் இடது கை மட்டும் முழுதாக நீளவில்லை. முழங்கையில் மடங்கியே நின்றது. கோர்ட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதெல்லாம் அவன் இதைப் பார்த்ததில்லை. அவனுக்குக் கால் தப்பி, பக்கத்தில் நின்ற பையனின் காலை மிதித்துவிட்டான்.

ஒரு வாரம் கழித்து இவாஞ்சலின் புது ஆட்டம் ஒன்று எடுத்தாள். "இதுக்குப் பேரு மிக்சர்" என்றதும் பிள்ளைகள் தின்கிற மிக்சரை நினைத்துக் கத்தினார்கள். உள்ளே ஒரு வட்டம், வெளியே ஒரு வட்டம். எதிரில் நிற்கிற ஜோடியோடு கைபிடித்து ஒரு சுற்று. பாட்டு திரும்பும்போது வெளிவட்டத்து ஆள் கையை விட்டு அடுத்த ஆளிடம் நகர வேண்டும். டென்மார்க் பக்கத்து ஆட்டம் என்றாள். சசிதரன் உள்வட்டம், மகிமா வெளிவட்டம். யார் யாரோ வந்து போய், கடைசியில் மகள் எதிரே வந்து நின்றாள். கையை நீட்டினாள். சின்னக் கை, வேர்த்திருந்தது. வாய்க்காலிலிருந்து அவளைத் தூக்கிய நாளுக்குப் பிறகு அந்தக் கையை அவன் பிடித்ததே இல்லை. சுற்று முடிந்து பாட்டு திரும்பியது. அவன் விடவில்லை.

"சார், கையை விடுங்க. அடுத்த ஆளு நிக்கிறாக பாருங்க" என்று இவாஞ்சலின் குரல் கொடுத்தாள்.

அன்றிலிருந்து சசிதரன் அந்த ஆட்டத்துக்காகவே காத்துக் கிடந்தான். தினம் அவள் எதிரே வரும் அந்தக் கொஞ்ச நேரத்தில், குனிந்து அவள் காதில் சொல்லுவான். "ஜட்ஜம்மா கேட்டா அப்பாகூட இருக்கேன்னு சொல்லு ஆத்தா." மறுநாள், "அந்த ஊர்ல உனக்கு யாரைத் தெரியும்? இங்கன உனக்கு எல்லாம் இருக்குல்ல?" அதற்கும் மறுநாள், "நீ போயிட்டா அப்பா செத்துருவேன்."

மகிமாவுக்குக் கால் பிசக ஆரம்பித்தது. மற்றவர்களோடு துள்ளி வருகிறவள் அவன் எதிரே வந்ததும் அடியை மறந்து நின்றுவிடுவாள். ஒருநாள், அவனுக்கு முந்தின ஆளிடம் ஆடிக்கொண்டிருக்கும்போதே, "மிஸ், தண்ணி" என்று வட்டத்தை விட்டு ஓடினாள். சசிதரன் நீட்டிய கையோடு நின்றான். அவளுக்கு அடுத்திருந்த பெண்பிள்ளை முன்னே வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டது. மறுநாளும் அதே இடத்தில் மகிமாவுக்குத் தாகம் எடுத்தது.

அவன் தூக்கம் போயிற்று. வக்கீல் வைகுண்டராஜிடம் போய் உட்கார்ந்தான். "பிள்ளை அம்மாகூடன்னு சொல்லிட்டா நான் ஒண்ணும் செய்ய முடியாதுப்பா" என்றார் அவர். அந்த வார்த்தைதான் அவனை எங்கேயோ கொண்டுபோய்த் தள்ளியது.

நிறைவு விழாவுக்கு முந்தின நாள், சாப்பாட்டு இடைவேளையில், சசிதரன் மகளிடம் போனான்.

"வா பாப்பா, ஸ்கூல் கேட்டு முன்னாடி திராட்சை ஜூஸ் குடிச்சிட்டு வந்துருவோம்."

"அம்மா வெளிய போகக்கூடாதுன்னு சொல்லிருக்காக."

"அஞ்சு நிமிஷம். அப்பா பாவமில்லையா?"

அவள் தயங்கித் தயங்கி வந்தாள். ஜீப் கதவைத் திறந்ததும் ஒரு அடி பின்வாங்கினாள். அவன் இடுப்பைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தான். வண்டி கிளம்பிவிட்டது.

ஜூஸ் கடையைத் தாண்டியது. வீரபாண்டி போயிற்று. "எங்கப்பா போறோம்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "சும்மாதான்" என்றான். அவனுக்கே தெரியவில்லை. கம்பம் மெட்டைத் தாண்டினால் கேரளா. அங்கே கூட்டாளி திலீபனுடைய தோட்டத்து லயத்து வீடு ஒன்று காலியாகக் கிடக்கிறது. அங்கே போய்விட்டால் யாரும் பிடுங்க முடியாது என்று தோன்றியது. அதற்கு அப்பால் புத்தி போகவில்லை. சின்னமனூர் தாண்டும்போது சட்டைப்பையில் போன் அடிக்க ஆரம்பித்தது. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. உத்தமபாளையத்தில் கோர்ட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் ஓட்டினான்.

கம்பத்துக்குள் நுழைந்து மலைரோட்டுக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு லாரி குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தான். அப்போதுதான் மகளைத் திரும்பிப் பார்த்தான். முன்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். விரல் மூட்டெல்லாம் வெளுத்திருந்தது. கண்ணை இறுக்க மூடியிருந்தாள். பாவாடையும் சீட்டும் நனைந்து, கால்வழியே கீழே சொட்டிக்கொண்டிருந்தது.

அவன் பார்க்கிறான் என்று தெரிந்ததும் அவள் சொன்னாள். "சாரிப்பா."

சசிதரன் வண்டியை ஓரம் கட்டினான். இறங்கி, பின்பக்கம் போய், டயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து அவனே ஜெனிபரைக் கூப்பிட்டான்.

"கம்பத்துல இருக்கோம். பாப்பா நல்லாருக்கா. இப்பவே திருப்பிக் கொண்டாந்து விட்டுர்றேன்."

"நீங்க ஓட்ட வேண்டாம். அவளை வண்டியை விட்டு இறக்குங்க. அங்கனயே நில்லுங்க. நாங்க வாறோம்."

எதிரே இருந்த ஜவுளிக்கடையில் மாற்றுத்துணி வாங்கினான். கடைக்கார அம்மா ஒன்றும் கேட்காமல் பிள்ளையை உள்ளே கூட்டிப்போய் உடுத்திவிட்டாள். கடை வாசலில் ஸ்டூல் போட்டுத் தந்தாள். அப்பனும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகிமாதான் முதலில் பேசினாள்.

"அப்பா, ஜட்ஜம்மா கேட்டா நான் அம்மாகூடப் போறேன்னுதான் சொல்லுவேன்."

"சரி ஆத்தா."

"நீங்க செத்துருவேன்னு சொல்லாதீக."

"சொல்ல மாட்டேன்."

"எனக்கு ராத்திரியெல்லாம் அதே நினைப்பா இருக்குப்பா."

அவனுக்கு அவள் தலையில் கை வைக்க வேண்டும்போல் இருந்தது. வைக்கவில்லை. அவள் பக்கம் திரும்பினால் அழுதுவிடுவோம் என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கார் வந்து நின்றது. இம்மானுவேல் இறங்கிய வேகத்தில் சசிதரனின் சட்டையைப் பிடித்தான். "அண்ணே, விடுங்க" என்றாள் ஜெனிபர். பிள்ளையைத் தூக்க முடியாத வயது, ஆனாலும் தூக்கிக்கொண்டாள். சசிதரன் சொன்னான். "கையெழுத்துப் போட்டுத் தாறேன் ஜெனி." அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

சாயங்காலமே கேம்ப்பிலிருந்து போன் வந்தது. நாளைக்கு நீங்கள் வர வேண்டாம் என்று இவாஞ்சலின் தயங்கித் தயங்கிச் சொன்னாள். விழா நடந்த நேரத்தில் சசிதரன் மலைமேல், ஏலக்காய் மூட்டைக் கொட்டகையில், ஆட்களுக்காகக் காத்துப் படுத்திருந்தான். மற்ற டிரைவர்கள் சீட்டாடினார்கள். இந்நேரம் எந்த ஆட்டம் ஓடும் என்று அவனுக்குத் தெரியும். நினைக்காமல் இருக்கப் பார்த்தான். முடியவில்லை.

ஜூனில் கோர்ட்டு திறந்தது. ஜட்ஜம்மா அறைக்குள் மகிமா தனியாகப் போய், தனியாக வந்தாள். அவள் என்ன சொன்னாள் என்று கேட்காமலே சசிதரன் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டான். ஜீப்பில் ஏற்றிப்போன விஷயத்தை ஜெனிபர் தரப்பில் யாரும் எடுக்கவில்லை. அது அவனுக்கு அடியை விட வலித்தது. ஆகஸ்டில் தாயும் மகளும் விமானம் ஏறினார்கள். மதுரைக்கு வழியனுப்ப வரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றுவிட்டாள் ஜெனிபர்.

சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளை வீடியோ கால் பேசலாம் என்று தீர்ப்பில் இருந்தது. அந்த நேரம் அவன் ஆட்களோடு மலையிறங்கிக்கொண்டிருப்பான். ஒரே ஒரு வளைவில்தான் டவர் கிடைக்கும். அங்கே ஜீப்பை நிறுத்திப் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பான். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருக்கிற பெண்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு பேசாமல் உட்கார்ந்துவிட்டார்கள். படம் வரும், உறையும், மறுபடி வரும். குளிர் எப்படி இருக்கு, சாப்பிட்டியா என்று கேட்பான். அவள் பதில் சொல்லுவாள். அழக்கூடாது என்பதில் மட்டும் அவன் உறுதியாக இருந்தான்.

ஒரு சனிக்கிழமை போன் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை இழுத்துவிட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். நன்றாக இருட்டிய பிறகுதான் அவன் வண்டியை எடுத்தான். அந்த வாரம் பூராவும் அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை வந்தது. மகிமா தலையில் கம்பளித் தொப்பி போட்டிருந்தாள். "போன வாரம் பிரெண்டு வீட்டுல பர்த்டேப்பா. மறந்துட்டேன்."

"பரவால்ல ஆத்தா. நல்லா சாப்பிட்டியா?"

கேக் பற்றி இரண்டு வார்த்தை சொன்னாள். யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள். சசிதரன் போனைச் சட்டைப்பையில் போட்டான்.

"புள்ள என்னப்பா சொல்லுச்சு?" என்றாள் இருளம்மாள் பின்சீட்டில் இருந்து.

"மறந்துட்டாளாம்க்கா."

"யாரை?"

"போன் போடத்தான்" என்று சொல்லிவிட்டு அவன் கியரைப் போட்டான்.