‘ரு’ தீர்ந்துபோச்சு

போன ஞாயிறு கொட்டகலை அச்சகத்தில் இருந்தவர்கள்: அச்சகத்துக்கும் பதிப்பகத்துக்கும் முதலாளியான காதர் நானா. கவிதை எழுதிய வாத்தியார். எழுத்துக் கோர்க்கும் செல்லையா. முதல் பிரதி வாங்க வந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. மரக்கட்டையில் அட்டைப்படம் செதுக்கிய நான்.

கணக்கப்பிள்ளைக்கு நாற்காலி. வாத்தியாருக்கு ஸ்டூல். எனக்கு வாசல்படி.

இதுவரை ஏழு புத்தகத்துக்கு அட்டை செய்திருக்கிறேன். ஒன்றிலும் என் பேர் கிடையாது. படம் தானாக முளைத்தது என்று நினைப்பார்களோ என்னவோ... இந்தத் தடவை நானா வாக்குக் கொடுத்திருந்தார் — பேர் போடுவோம், முழுசாக, முத்துக்கருப்பன் என்று.

பிரித்துப் பார்த்தேன். ‘அட்டைப்படம்: முத்து.’

மீதி எங்கே என்று கேட்டேன். செல்லையா தலையைச் சொறிந்தார்.

“‘ரு’ தீர்ந்துபோச்சுங்க.”

எப்படித் தீரும்? வாத்தியாரின் முன்னுரையைப் பார்த்தேன். பதினோரு பக்கம். அருமை, பெருமை, கருணை, திருவுள்ளம்... பாதி கணக்கப்பிள்ளைக்கு. அவர் கருணையால்தான் மலையில் கொழுந்தே துளிர்க்கிறதாம். பெட்டியில் இருந்த ஈய ‘ரு’ எல்லாம் அங்கேயே செலவு. என் பேர் அதற்கு அடுத்த வரி.

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். வேலை குறைந்தால் அரைப் பேர். போடுகிறவர் கணக்கப்பிள்ளை. அவர் எட்டிப் பார்த்தார்.

“என்னடா முத்து, இங்கயும் உனக்கு அரைப் பேருதானா?”

ஸ்டூலும் நாற்காலியும் சிரித்தால் வாசல்படி என்ன செய்யும்? நீங்களே சொல்லுங்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த பதிப்பில் சரி பண்ணிவிடலாம் என்றார் நானா. கவிதைப் புத்தகத்துக்கு அடுத்த பதிப்பா? வட்டவளையில் மழை பெய்யாத ஜூன் மாதத்தைக்கூடப் பார்த்துவிடலாம்.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் எங்கள் தோட்டத்தில் மூன்று முத்து உண்டு. சாயங்காலம் வந்து பார்த்தால், கீழ் லயத்து வரிசை வீட்டு முத்து எங்கிருந்தோ ஒரு பிரதி வாங்கி, பக்கத்துத் தோட்டத்து ஆட்களிடம் காட்டிக்கொண்டிருக்கிறான். செதுக்கும்போது கத்தியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்றும் விளக்குகிறான். அவனுக்குத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியே ஒழுங்காகப் பிடிக்க வராது.

நீயா செதுக்கினாய் என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“நான் சொல்லலண்ணே. அவங்களா கேட்டாங்க. நான் மறுக்கல.”

ரொம்பப் பேர் பெரிய ஆளாவது இப்படித்தான் — மறுக்காமல்.

திங்கட்கிழமை காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. தோட்டத்தில் முழுப் பேரும் போச்சு. அச்சகத்தில் கட்டுகளை அவிழ்த்து, ஒவ்வொரு புத்தகத்திலும் ‘முத்து’வுக்குப் பக்கத்தில் பேனாவால் ‘க்கருப்பன்’ என்று எழுதினேன். கையெழுத்து கோணல்தான். நானா தடுக்கவில்லை. மை பார்த்துச் செலவு செய் தம்பி என்று மட்டும் சொன்னார்.

இருநூற்றுப் பதினாறு பிரதி.