எங்கள் மண்டப மென்பொருளும் இரண்டு பஞ்சாங்கங்களும்

பிலிமத்தலாவையில், பிரதான வீதியோரப் பித்தளைச் சாமான் கடையொன்றின் மேல்மாடியில் எங்கள் கந்தோர் இருக்கிறது. நாங்கள் மூன்று பேர். நிறுவனத்தின் சொந்தக்காரர் முஸ்லிம்; அவரை எல்லோரும் நானா என்போம். நிரல் எழுதுவது கடுகண்ணாவையிலிருந்து வரும் ஒரு தங்கச்சி. நான் வத்தேகமவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவன். என் பொறுப்பு திகதிகள்.

திகதிகள் என்றால் சாதாரண வேலை இல்லை. கல்யாண மண்டபங்களுக்கு முற்பதிவு செய்யும் மென்பொருள்தான் எங்கள் ஒரே சரக்கு. போயா என்னும் பௌர்ணமி நாளில் மதுபானம் கிடையாது, வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்மா, பெரஹரா ஊர்வல நாட்களில் கண்டி வீதிகள் மூடப்படும், ஆடியில் இந்துக்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள், நோன்பு மாதத்தில் நிக்காஹ் குறைவு. இதெல்லாம் மென்பொருளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தை மாதமும் நாட்காட்டிகளையும் பஞ்சாங்கத்தையும் மேசையில் பரப்பி, ஒவ்வொரு நாளாகத் தட்டச்சு செய்து, மூன்று தடவை சரிபார்ப்பேன். அந்தக் கோப்பில் பிழை இருக்காது என்பது என் நம்பிக்கை. சரியாகச் சொன்னால், என் கர்வம்.

போன வருடம் வைகாசியில் கண்டிப் பக்கத்து நான்கு மண்டபங்களுக்கு முகாமையாளராக இருக்கும் ஓர் அம்மா எங்களைத் தேடி வந்தார். சிங்களவர். மண்டபத்தில் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்துப் பெண்களிடம் பழகிய தமிழை அச்சமின்றிப் பேசுவார். மென்பொருள் அவருக்குப் பிடித்துப் போனது. நாங்கள்தான் பிடிக்கவில்லை.

"நீங்க மூனே பேரு. நாளைக்கு மூனு பேரும் கனடாவுக்குப் போயிட்டீங்கன்னா, என் மண்டபத்துக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. ஆவணியோடு எங்கள் அறையின் வாடகை ஒப்பந்தம் முடிய இருந்தது. அந்த நான்கு மண்டபங்களும் வராவிட்டால் நானா அறையைக் கையளித்துவிட்டு அண்ணனின் புடவைக் கடைக்குத் திரும்புவதாக இருந்தார். தங்கச்சி கொழும்பில் வேலை தேடுவாள். நான் என்ன செய்வேன் என்று நான் யோசிக்கவே இல்லை.

தங்கச்சிதான் வழி சொன்னாள்: மூல நிரல் முழுவதையும் எல்லோரும் பார்க்கவும் திருத்தவும் கூடியதாக இணையத்தில் திறந்து வைப்பது. நாங்கள் இல்லாமல் போனாலும் வேறு யாராவது தொடரலாம்.

நானா கதிரையிலிருந்து எழுந்தே விட்டார். "என்னா புள்ள பேசுற? கடைச் சாவிய பஸ் ஸ்டேண்ட்ல தொங்க வுடுற மாதிரி ஈக்கிதே!"

"சாவி நம்மகிட்டதான் நானா. கடைய எப்படிக் கட்டுனோங்கிற பிளான மட்டுந்தான் வைக்கிறோம்."

"பிளானப் பாத்து பக்கத்துலயே இன்னொருத்தன் கட்டினா?"

"கட்டட்டும். யாருக்கு எந்த நாளு ஆகாதுன்னு அவனுக்கு யாரு சொல்லுவா? நம்ம அண்ணன் இங்கதான இருக்காரு" என்று தங்கச்சி என்னைக் காட்டினாள்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு நானா சம்மதித்தார். அதன்பின் கந்தோரில் பெரிய துப்புரவு வேலை தொடங்கியது. நிரலுக்குள்ளேயே கடவுச்சொற்கள் கிடந்தன, எல்லாவற்றையும் மாற்றினோம். அதைவிடச் சங்கடம், தங்கச்சி வருடக்கணக்காக வரிகளுக்கிடையே எழுதி வைத்திருந்த குறிப்புகள். 'இந்த வரியைத் தொடாதே, காரணம் எனக்கே தெரியாது' என்று ஒன்று. 'கட்டுகஸ்தோட்டை மண்டபத்துக்காரருக்காக ஒன்பதாவது தடவை மாற்றுகிறேன், கடவுள் அவருக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும்' என்று இன்னொன்று. நானாவைப் பற்றியும் இரண்டு இருந்தன. அவர் அவற்றைச் சத்தமாக வாசித்துச் சிரித்து, "இத மட்டும் அழிக்க வாணாம்" என்றார். தங்கச்சி முகம் சிவந்து முதலில் அவற்றைத்தான் அழித்தாள்.

ஒரு புதன்கிழமை காலை பத்து ஐந்துக்குத் திறந்து வைத்தோம். நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். அதன்பின் எட்டு நாட்கள் ஒன்றுமே நடக்கவில்லை. உலகத்தில் யாருக்கும் எங்கள் மென்பொருள் தேவைப்படவில்லை என்பதே ஒரு பாடமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் முதல் முறைப்பாடு வந்தது. எழுதியவர் யாழ்ப்பாணத்துக்காரர். நிரலைப் பற்றி அல்ல, என் கோப்பைப் பற்றி.

'வணக்கம் அண்ணை. நீங்கள் ஆனியின்ர கடைசி நாள் எண்டு காட்டுற நாள் எங்கட பஞ்சாங்கத்தில ஆடிப் பிறப்பு. அண்டைக்கு நாங்கள் கூழும் கொழுக்கட்டையும் செய்வம், கலியாணம் வைக்க மாட்டம். ஒருக்கால் பாருங்கோ.'

எனக்குக் காது சூடானது. அலுமாரியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். என் திகதி சரியாகவே இருந்தது. 'எங்கள் பஞ்சாங்கத்தின்படி சரியே' என்று ஒரு வரி எழுதி, முறைப்பாட்டை முடித்து வைத்ததாகக் குறியிட்டேன். அன்று மாலை நிம்மதியாக பஸ் ஏறினேன்.

மறுநாள் தங்கச்சி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்னாண்ணே, மூடிட்டீங்களா? தொறந்து வச்சதே இதுக்குத்தானே!"

அவள் திரும்பவும் திறந்தாள். அதற்குள் மட்டக்களப்பிலிருந்து ஒருவர் யாழ்ப்பாணத்தாருக்குச் சார்பாகவும், ஹற்றனிலிருந்து ஒருவர் எனக்குச் சார்பாகவும் வந்து சேர்ந்திருந்தார்கள். வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு கணக்கு, திருக்கணிதம் இன்னொரு கணக்கு. ஆண்டுக்கொரு தடவை குடும்பங்களுக்குள் நடக்கும் வாக்குவாதம், எங்கள் நிறுவனத்தின் பெயருக்குக் கீழே, உலகம் பார்க்க நடந்தது. ஒருவர் சூரியனின் பாகைக் கணக்கையே எழுதினார். இன்னொருவர், 'உங்கட கணக்கை நம்பி என்ர மச்சான் கலியாணம் கட்டி இப்ப படுற பாடு எனக்குத்தான் தெரியும்' என்றார். முப்பத்தொரு பதில்கள் வந்தன, எண்ணினேன். நிரலில் ஒரு வரியைக்கூட யாரும் திருத்தவில்லை.

நானா தலையில் கை வைத்தார். "எங்கட பெருநாள் பிறைச் சண்டை காணாதுன்னு இப்ப இதுவுமா! அந்த மெடம் இதப் பாத்தா நம்மள நம்புவாவா?"

பதில் எழுதுவதே முழுநேர வேலையானது. சம்பளம் தராதவர்களுக்கு நாங்கள் பகல் முழுவதும் வேலை செய்தோம். அந்தக் கிழமைக்குள் செய்ய வேண்டிய இரண்டு வேலைகள் தள்ளிப்போயின. திறந்து வைத்தது பிழையோ என்று எனக்கே தோன்றியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து முப்பத்தொரு பதில்களையும் முதலிலிருந்து வாசித்தபோது ஒன்று விளங்கியது. நான் மூன்று தடவை சரிபார்த்தது ஒரே புத்தகத்தோடு. இன்னொரு புத்தகம் இருக்கும் வீடுகளை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

திங்கட்கிழமை யாழ்ப்பாணத்தாருக்கு எழுதினேன்: 'முறைப்பாட்டை மூடியது என் பிழை. உங்கள் பஞ்சாங்கத்தை எப்படிச் சேர்ப்பது?' மூன்றாம் நாள் அவரிடமிருந்து நிரலே வந்தது. மண்டபக்காரர் வாக்கியத்தையோ திருக்கணிதத்தையோ இரண்டையுமோ தெரிவு செய்யலாம். இரண்டும் ஒத்துப்போகாத நாள் மஞ்சளாகத் தெரியும். தங்கச்சி வாசித்துவிட்டு, "என்னையவிட சுத்தமா எழுதியிருக்காருண்ணே" என்றாள். பொறாமையில்லாமல் சொன்னாள் என்று சொல்ல முடியாது.

ஆடி பிறந்து சில நாட்களில் முகாமையாளர் அம்மா முன்னறிவிப்பின்றி மாடிப்படி ஏறி வந்தார். நானா அவசரமாக எழுந்து, "மெடம், அந்தச் சண்டைய பெருசா எடுக்க வாணாம், அது..." என்று தொடங்கினார்.

"எடுத்துட்டேனே! எங்க ரிசப்ஷன் பொண்ணு முழுசா வாசிச்சு சொல்லிச்சு. ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அந்த மச்சான் கதை!" என்று கதிரையில் அமர்ந்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "கொழும்புல ஒரு கம்பனி ஏங்கிட்ட சொன்னாங்க, அவங்க மென்பொருள்ல பிழையே இல்லையாம். யாரும் உள்ள பாத்ததே இல்ல, அப்புறம் பிழை எப்படித் தெரியும்? உங்க பிழைய நான் பாத்தேன். அதத் திருத்துனதையும் பாத்தேன்" என்றார்.

தங்கச்சி மேசைக்கடியில் என் செருப்பை மிதித்தாள்.

"நாலு மண்டபத்துக்கும் போடுங்க. ஆனா ஒரு விஷயம் மாத்தயா," என்று என் பக்கம் திரும்பினார். "உங்க ஆளுங்களுக்கு ரெண்டு பஞ்சாங்கம் போட்டீங்க. எங்க லித எங்க? நெகத்னு நாங்க நல்ல நேரம் குறிக்கிறதுல நடக்குற சண்டை உங்க சண்டையவிடப் பெருசு, தெரியுமா?"

எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். அவர் கைப்பையிலிருந்து லித என்ற சிங்களப் பஞ்சாங்கத்தை எடுத்து என் விசைப்பலகை மேல் வைத்தார். அட்டையில் லட்டு எண்ணெய்க் கறை. பக்கங்களில் பென்சில் குறிப்புகள். எந்தக் குடும்பம் எந்த நேரத்தை ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை என்றெல்லாம் எழுதியிருந்தார். என்னைப் போல ஒருவர் கண்டியின் இன்னொரு மூலையில் இத்தனை வருடம் இருந்திருக்கிறார்.

"இதெல்லாம் நம்மதான் ஏத்தணுமா?" என்று நானா மெல்லக் கேட்டார்.

"நானே ஏத்துறேன். தொறந்துதானே வச்சிருக்கீங்க?" என்று சொல்லிவிட்டு, அவர் தங்கச்சியின் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஐந்து மணி வரை அவர் எழும்பவில்லை. அவர் திகதியை வாசிக்க நான் தட்டச்சு செய்தேன். இரண்டு இடத்தில் என்னைத் திருத்தினார், ஒரு இடத்தில் நான் அவரைத் திருத்தினேன். ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க நானா மூன்று தடவை தாளோடு வந்து, மூன்று தடவையும் "கொஞ்சம் இருங்க மாத்தயா, ஐப்பசிய முடிச்சிட்டு" என்று திருப்பி அனுப்பப்பட்டார்.