அம்மா பிசைந்த பேன்கேக்

அம்மா தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து நின்ற மறுநாள் சனிக்கிழமை. அன்று காலை அவரை உட்கார வைத்துச் சுடச்சுட ஒரு சாப்பாடு போட வேண்டும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஆசை. கேட்பவர்களுக்கு இது ஒரு பெரிய காரியமா என்றிருக்கும். எங்கள் வீட்டில் அது நடந்ததே இல்லை.

எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அம்மா இருட்டோடு எழுந்து ரொட்டி சுடுவார். சூடானதெல்லாம் எங்கள் தட்டுக்கு. தன்னுடையதைத் துணியில் சுற்றிக்கொண்டு பெரட்டுக்கு ஓடுவார். ஆள் கணக்கு எடுக்கும் அந்த இடத்துக்குக் கொஞ்சம் பிந்திப் போனாலும் அன்றைய பேரும் கூலியும் போச்சு. அப்புறம் மலையில், தேத்தண்ணி நேரத்தில், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, குளிரில் விறைத்துப்போன அந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்பார். ஞாயிற்றுக்கிழமையாவது சூடாகச் சாப்பிடுவாரா? ம்ஹூம். எல்லாரும் தின்று, துணியும் துவைத்து முடித்த பிறகு மிச்சம் கிடப்பதுதான் அவருக்கு. அந்த ஆறின ரொட்டியில்தான் நான் படித்தேன். டீச்சராகி, இன்று தலவாக்கலையில் ஊரார் பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதனால் ரொட்டியே வேண்டாம் என்று முடிவு கட்டினேன். என்னோடு வேலை பார்க்கும் சிங்கள டீச்சர் ஒருவர் சாப்பாட்டுப் பெட்டியில் பேன்கேக் கொண்டு வருவார். மெல்லிசாக ஊற்றி, உள்ளே துருவின தேங்காய்ப்பூவும் தேன் மாதிரி இனிக்கும் கித்துள் பாணியும் வைத்துச் சுருட்டியது. அவரிடமே பக்குவம் கேட்டுக்கொண்டு முட்டை, பால், பாணி எல்லாம் வாங்கி வந்தேன்.

சனிக்கிழமையும் அம்மா இருட்டோடு எழுந்துவிட்டார்.

"பேசாம வாசல் இஸ்தோப்புல உக்காருங்க. அடுப்படிப் பக்கம் வந்தீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்றேன்.

"உனக்குக் கோவம் எப்பதான் வரல? பொறக்கும்போதே மூஞ்ச சுளிச்சுக்கிட்டுப் பொறந்தவதானே நீ" என்று சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் போனார்.

முட்டையும் பாலும் மாவும் அடித்து நீர்க்கக் கரைத்து வைத்தேன். தேங்காயைத் துருவி இன்னொரு கோப்பையில் வைத்தேன். குடத்தில் தண்ணீர் இல்லை. பீலிக்குப் போனால், தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் விடுவார்களா? அம்மா நிம்மதியாகத் தூங்கினாரா, இனி என்ன செய்யப் போகிறார் என்று ஆளாளுக்கு விசாரணை. பதில் சொல்லித் தப்பித்து வந்தேன். வாசலிலேயே ரொட்டி வாசம் மூக்கில் அடித்தது.

உள்ளே அம்மா அடுப்பின் முன்னால். கரைத்த மாவில் இன்னும் மாவைக் கொட்டி, துருவிய தேங்காயையும் போட்டுப் பிசைந்து, தட்டிக் கல்லில் போட்டிருந்தார்.

"ஐயோ! என்னம்மா செஞ்சீங்க?"

"மாவு தண்ணியாப் போச்சு புள்ள. பாவம், தெரியாம ஊத்திட்டியேன்னுதான் சரிபண்ணி வச்சேன்."

"அது பேன்கேக்கும்மா! தண்ணியாத்தான் இருக்கணும்!"

"என்ன கேக்கோ. அதுல என்னத்தச் சுடுறது?"

குடத்தை டம்மென்று வைத்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக் கத்தினேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இந்த ஒரு நாள் கூடவா சும்மா இருக்க முடியாது இந்த மனுஷிக்கு!

அப்போது ஆலைச் சங்கு ஊதியது.

அம்மாவின் கை சட்டென்று கல்லிலிருந்து ரொட்டியை எடுத்தது. துணியை விரித்துச் சுற்றி முடிச்சுப் போட்டது. இடுப்பில் கட்டும் படங்கை எடுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பினார். ஆணியில் படங்கு இல்லை. முதல் நாள் சாயங்காலமே அதைக் கழுவி மடித்து உள்ளே வைத்தவர் அவர்தான்.

"அட, எனக்குத்தான் இன்னைக்குப் பெரட்டு இல்லையே" என்று சிரித்தார். ஆனால் அந்த முடிச்சைக் கையிலிருந்து விடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. முடிச்சை வாங்கி அவிழ்த்தேன். ஆவி பறந்தது. அவரைப் பலகையில் உட்கார வைத்து, ரொட்டியைத் தட்டில் போட்டுப் பாணியை மேலே ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் பிட்டு வைத்தவர் மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னம்மா, நல்லா இல்லையா?"

"இல்ல புள்ள, ரொட்டி சூட்டோட இம்புட்டு மெதுவாவா இருக்கும்?"

முட்டையும் பாலும் போட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அதை அப்படியே விட்டுவிட்டேன். எத்தனை ஆயிரம் ரொட்டியை எங்களுக்குச் சூட்டோடு கொடுத்திருப்பார் இந்த அம்மா. அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, மாவை உருட்டித் தட்டினேன்.

"ஏ புள்ள" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. திரும்பினேன். அம்மா வெறும் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு போடு."

அம்மா எங்களிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.