ஃப்ரீசரில் எட்டு நாள் குப்பை

மாலை ஏழு மணிக்குக் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு சந்தில் திரும்பும். நிற்கிற ஐந்து நிமிடத்துக்குள் அவரவர் பையை அவரவர் கையால் போட்டுவிட வேண்டும். பதினாறு வருடமாக அங்கே முதல் ஆள் பெய்ச்சுன்தான். வரிசையில் நின்றபடி ஊர்ச் செய்தியை விநியோகம் செய்வதும் அவள்தான். அதற்குச் சம்பளம் கிடையாது, பள்ளிச் சமையலறை வேலைக்குத்தான் சம்பளம். போன வருடம் எதிர்வீட்டு அம்மாவுக்குக் கட்டி என்று இவள் சொன்னது, வண்டி கிளம்புவதற்குள் வரிசையின் வால் வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போது கட்டி இவள் குடலில். அறுத்தாயிற்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுகிறார்கள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

வீடு நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது. பல் துலக்கிவிட்டு, உட்கார்ந்து இளைப்பாறி, பிறகுதான் வாய் கொப்பளிக்க முடிகிற அளவுக்குக் களைப்பு. ஏழு மணிக்குப் பாட்டு கேட்டால் திரையை விலக்கி, தன் இடத்தில் இரண்டாம் மாடிக்காரர் காவ் நிற்பதைப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். சாப்பாட்டு மிச்சம் நாறாமல் இருக்க ஃப்ரீசரில் வைப்பது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம்தான். அவளும் வைத்தாள். மீன் முள், முட்டை ஓடு, இறங்காத கஞ்சி. எட்டு நாள்.

ஒன்பதாம் நாள் ஃப்ரீசர் கதவு மூடவில்லை. பையை இழுக்கக் கை வைத்தாள். விரல்கள் நண்டுக்கால் மாதிரி மடங்கி அப்படியே நின்றுவிட்டன. இந்த மருந்து ஏறுகிறவரை ஜில்லென்று எதையும் தொடாதே என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொந்தக் குப்பையைத் தொட முடியாமல் சொந்த வீட்டில் மாட்டிக்கொண்டாள்.

கொளுத்துகிற ஜூன் மாதத்தில் கம்பளிக் கையுறை மாட்டி, பையைத் தூக்கிக்கொண்டு இருபது நிமிடம் முன்னதாகவே இறங்கினாள். மாடிக்குப் பதினெட்டுப் படி. ஆறு படிக்கு ஒருமுறை உட்கார்ந்தாள். காவ் போன பிறகு கடைசி ஆளாகப் போட்டுவிட்டு வரலாம் என்று திட்டம். இரண்டாம் மாடிக்கு நாலே படி இருந்தபோது கெண்டைக்கால் சதை உருண்டு கல்லானது. ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. கையுறையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கீழே பாட்டு. காவ் பையோடு வெளியே வந்தார்.

“என்ன பெய்ச்சுன், மேல பனி பெய்யுதா?”

“வேலையப் பாருங்கண்ணே. வண்டி போயிரும்.”

“நீ வராம இந்தச் சந்துல யாரு யாரோட சண்டைன்னே தெரிய மாட்டேங்குது.”

“காலு புடிச்சிருச்சு. போங்களேன்.”

அவர் போகவில்லை. நாலு படி ஏறி வந்து குதிகாலைப் பிடித்து, பாதத்தை முழங்கால் பக்கமாக மெல்ல மடக்கி அழுத்தினார்.

“முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன். இந்த வலி எனக்குத் தெரியாததா? மூச்ச அடக்காத, விடு.”

சதை கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. தோள்பட்டைக்குக் கீழே, மருந்து ஏற்றும் இடத்து ஒட்டுத்துணி சட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. அவர் பார்த்தார். அவர் பார்த்ததை இவள் பார்த்தாள்.

“வரிசைல சொல்லப் போறீங்களா?”

“உன் வேலைய நான் எடுத்துக்கிட்டா நீ சும்மா விடுவியா?”

பாட்டு அடுத்த சந்துக்குப் போய்விட்டது. அவள் பை உருகி, படியில் சொட்டியது. காவ் இரண்டு பைகளையும் தூக்கினார்.

“என் ஃப்ரீசர்ல இடம் இருக்கு. நாளைக்கு நான் போட்டுக்கிறேன்.”

“மீன் முள்ளு இருக்கு.”

“அங்க மட்டும் என்ன, ரோஜாப்பூவா இருக்கு?”

உள்ளே போனவர் சிவப்பு பிளாஸ்டிக் முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து, அவள் எழுந்து நகர்ந்ததும் படி திரும்பும் அந்த மூலையில் போட்டார். “இங்கயே கெடக்கட்டும். யாராச்சும் கேட்டா என் முட்டி வலிக்குன்னு சொல்லிக்கிறேன்.”

கதவைச் சாத்திக்கொண்டார். பெய்ச்சுன் கைப்பிடியைப் பற்றினாள். வீட்டுக்கு இன்னும் முப்பத்திரண்டு படி. ஆறு ஏறிவிட்டு உட்கார்ந்தாள்.