செல்வன் செலவன் ஆன வாரம்

தொண்ணூறுகளின் நடுவில் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் கணினியில்தான் தயாரித்தோம். அதற்கான தமிழ் மென்பொருளை நாங்கள் வாங்கவில்லை. வெளிநாட்டில் இருந்த ஒரு தமிழர் அதை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம் என்று நிரலோடு சேர்த்தே இணையத்தில் வைத்திருந்தார். அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவருடைய மின்னஞ்சல் முகவரி மட்டும்தான்.

ஒருமுறை அதன் புதிய பதிப்பை இறக்கிப் போட்டேன். மறுநாளே முதலாளி ஓர் அழைப்பிதழின் மாதிரித் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்னம்மா இது? மாப்பிள்ளைய செலவன்னு போட்டிருக்க!"

திரையில் 'செல்வன்' சரியாகத்தான் இருந்தது. தாளில் ல் மேலிருந்த புள்ளியைக் காணோம். மணமகளும் 'செலவி' ஆகியிருந்தாள். சிரிப்பு வந்தது, முதலாளியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"இத எழுதிக் குடுத்த பையனுக்கு நல்லா நாலு வார்த்தை எழுது. வேலை தெரியலன்னா ஏன் குடுக்கிறான்?"

"அண்ணே, அவரு நம்மகிட்ட சம்பளமா வாங்குறாரு? பழைய வெர்ஷன் இருக்குலா. அதுல கார்டை முடிச்சிடறேன். என்ன கோளாறுன்னு பார்த்துட்டு எழுதறேன்."

எனக்குத் திட்டி எழுத மனம் வரவில்லை. எங்களுக்கும் வாடிக்கையாளர்களிடமிருந்து அப்படிப் போன் வரும். "கார்டுல தப்பு இருக்கு" என்று மட்டும் கத்திவிட்டு வைத்துவிடுவார்கள். எந்த வரியில் தப்பு என்று தேடியே எனக்குப் பாதி நாள் போகும்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் மென்பொருளை டிஸ்க்கில் போட்டுக்கொண்டு கிள்ளானுக்குப் பஸ் ஏறினேன். பண்டமாரானில் என் அக்கா ஒரு லோரி கம்பெனி ஆபிஸில் வேலை செய்தாள். அங்கே வேறு வகை பிரிண்டர் இருந்தது.

"ஒரு புள்ளிக்காகவா இவ்ளோ தூரம் வந்த?" என்று அக்கா சிரித்தாள்.

அவள் பிரிண்டரில் புள்ளி ஒழுங்காக விழுந்தது. திங்கட்கிழமை எங்கள் பிரிண்டரில் எழுத்தின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். சிறிய எழுத்தில் புள்ளி இருந்தது, பெரிய எழுத்தில் மட்டும் காணாமல் போனது.

அன்றே அவருக்கு எழுதினேன். மின்னஞ்சலில் தமிழ் எழுத்து போகாத காலம். ஆங்கில எழுத்தில்தான் தமிழை எழுதினேன். வணக்கம் சொல்லி, அவருடைய மென்பொருளால் எங்கள் அச்சகம் எப்படி ஓடுகிறது என்று சொன்னேன். பிறகு எந்தச் சொல், எந்த அளவு, எந்த பிரிண்டர், அக்கா ஆபிஸில் என்ன வந்தது என்று வரிசையாக எழுதினேன். பழைய பதிப்பில் சமாளித்துக்கொண்டிருக்கிறோம், உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது பாருங்கள் என்று முடித்தேன்.

பின்னால் நின்று படித்த முதலாளி, "இவ்ளோ மரியாதையா?" என்றார்.

இரண்டு நாளில் பதில் வந்தது. அந்த வாரம் அவருக்கு வந்தவை எல்லாமே வசவுகளாம். எதிலும் என்ன நடந்தது என்ற விவரம் இல்லையாம். வீட்டில் ஒரே ஒரு பிரிண்டர்தான், அதில் இந்தத் தவறு தெரியவில்லை, திருத்தி அனுப்பினால் சோதித்துப் பார்ப்பீர்களா என்று கேட்டிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு காலை நேரங்களில் இதைச் செய்கிறாராம்.

"ரிட்டையர் ஆனவரா? நான் பையன்னு நெனச்சேன்லா!" முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவர் அனுப்பிய முதல் திருத்தத்தில் புள்ளி வந்தது, ஆனால் அடுத்த எழுத்தின் தலையில் உட்கார்ந்துகொண்டது. "புள்ளி ஊர் வந்து சேர்ந்துவிட்டது, வீடு மாறி நுழைந்துவிட்டது" என்று எழுதினேன். படித்துவிட்டு நன்றாகச் சிரித்ததாகச் சொன்னார். அடுத்த திருத்தத்தில் செல்வன் செல்வனாகவே வந்தார்.

அதன்பின் முதலாளிக்கு ஓர் ஆசை. யானைத் தும்பிக்கை போல் கொம்பு வளையும் பழைய பாணி 'லை', 'னை' எழுத்துகளையும் சேர்க்கச் சொன்னார். முடிந்தால் மட்டும் என்று கேட்டேன். இப்போதைக்கு முடியாது, கண் சீக்கிரம் களைத்துவிடுகிறது என்று அவர் பதில் எழுதினார். முதலாளி கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"பாவம், விடும்மா. பொறுமையா பாக்கச் சொல்லு," என்றவர் கொஞ்சம் யோசித்தார். "அப்புறம், நான் நலம் கேட்டதா எழுது. அவர அண்ணேன்னு போடு."

போட்டேன்.