குழலின் நீளமும் இரண்டாவது சத்தமும்

வேட்டைத் துப்பாக்கியின், எங்கள் பேச்சில் துவக்கின், குழலை என்ன நீளத்தில் வாங்குவது என்று முடிவெடுக்க எனக்கு ஒரு கோடைகாலம் முழுவதும் தேவைப்பட்டது. நான் இரைச்சலை அளக்கும் பொறியியலாளர். தொழிற்சாலைகளுக்குப் போய், எந்த இயந்திரம் எவ்வளவு சத்தம் போடுகிறது, அதை எப்படிக் குறைக்கலாம் என்று எழுதிக்கொடுப்பது என் வேலை. எதையும் வாங்குவதற்கு முன் அட்டவணை போடுவேன்; சலவை இயந்திரத்துக்கும் போட்டேன். துவக்குக்குப் போட்டதில் நீளம், பாரம், சன்னம் என்கிற குண்டின் வேகம், சத்தம் என்று நிரல்கள் இருந்தன. சத்தத்துக்குத்தான் கூடுதல் புள்ளி. அதற்குக் காரணம் அம்மா.

அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் ஜெர்மனியில் பீலெஃபெல்டுக்கு வெளியே ஒரு கிராமத்தின் கடைசி வரிசையில் இருக்கிறோம். சமையலறை ஜன்னலுக்கு வெளியே சோளக்காணி, அதற்கப்பால் காட்டோடு ஏறும் மலைச்சரிவு. பல்கலைக்கழகத்தில் கூடப்படித்தவர்களோடு சேர்ந்து விளையாட்டுப் போல வேட்டைப் பரீட்சை எழுதியிருந்தேன். இங்கே குடிவந்ததும், அந்தக் காட்டின் வேட்டை உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர், சோளத்தை நாசமாக்கும் பன்றிகளைச் சுட எனக்கு அனுமதி தந்தார். மாலையில் பரணில் ஏறி ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்துப்போனது. பகல் முழுக்க இரைச்சலுக்குள் நிற்கிற ஒருத்திக்கு வேறு காரணம் தேவையில்லை.

முதல் வருடம் இரவல் துவக்கு. சைலென்சர் இல்லாதது. சுட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் அம்மா சமையலறையில் ஏதாவது வெட்டிக்கொண்டிருப்பார். ஒருநாள் கால் சப்பாத்தைக் கழற்ற நடைவழியில் கிடக்கும் மர வாங்கில் உட்கார்ந்தபோது அதன் மெத்தை சூடாக இருந்தது; அம்மா அதுவரை அங்கேதான் இருந்திருக்கிறார். நடைவழிக்கு ஜன்னல் கிடையாது. சின்ன வயதில், வருடப் பிறப்பு வாணவேடிக்கை தொடங்கியதும் அம்மா எங்களைப் போர்வையோடும் முறுக்கோடும் அப்போதைய வீட்டின் நடைவழிக்குக் கூட்டிப்போய்விடுவார். எல்லா வீட்டிலும் வருடம் நடைவழியில்தான் பிறக்கிறது என்று அண்ணாவும் நானும் வெகுநாள் நினைத்திருந்தோம்.

அண்ணா பான் நகரத்தில் இருக்கிறார். நான் மெத்தையைப் பற்றிச் சொன்னதும் தொலைபேசியில் ஏசினார்.

"யாழ்ப்பாணத்திலையிருந்து ஓடிவந்த மனுசிக்குப் பக்கத்திலை நிண்டு வெடி வைக்கிறாய். உனக்கு மூளை இருக்கோ?"

"அதுதான் சத்தம் குறைஞ்சதா வாங்கப்போறன். எல்லாம் அளந்து பாத்திட்டன்."

"அம்மாவையும் அளந்தனியோ?"

கணக்கு சிக்கலானதல்ல. குழல் நீளமாக இருந்தால் வெடிமருந்து அதற்குள்ளேயே எரிந்து தீரும். முனையில் சத்தம் குறையும், சன்னமும் வேகமாகப் போகும். குழல் குட்டையென்றால் எரியாத மிச்சம் வெளியே வந்து வெடிக்கும். ஆனால் சைலென்சரே ஒரு சாண் நீளம். அதை நீளக் குழலின் முனையில் பூட்டினால் பரணுக்குள் துவக்கைத் திருப்ப முடியாது. அதனால்தான் இப்போது பலரும் குழலைக் குட்டையாக வாங்குகிறார்கள். துவக்குக் கடைக்காரரும் அதையே சொன்னார். அறுபது சென்ரிமீற்றர் குழலைத்தான் எடுப்பேன் என்று நான் நின்றதும் அவர் சைலென்சரைப் பூட்டிக் கையில் தந்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்.

"நீங்கள் வேட்டைக்குப் போகிறீர்களா, மீன் பிடிக்கவா?"

"சத்தம் குறைய வேண்டும்."

"யாருக்கு? பன்றிக்கா?"

"வீட்டில் ஒருவருக்கு."

அதற்குப் பிறகு அவர் பகிடி விடவில்லை.

பரணில் அது எல்லா மரச்சட்டத்திலும் முட்டியது. ஆனால் முதல் தடவை சுட்டபோது துவக்கு இருமியதுபோல மட்டுமே இருந்தது. சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தேன். சமையலறையில் விளக்கு எரிந்தது, அடுப்பில் பருப்பு அடிப்பிடித்த மணம். அம்மா நடைவழி வாங்கில் இருந்தார். என்னைக் கண்டும் எழும்பவில்லை.

"எத்தினை வெடி?" என்று கேட்டார்.

"ஒண்டுதான் அம்மா. சத்தம் குறைஞ்சதெல்லோ?"

"ஓம். குறைஞ்சுதான்."

அடுப்பை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் இருந்தேன். கனநேரம் கழித்துத்தான் அம்மா எழும்பினார். அடுத்த கிழமையும் இதேதான் நடந்தது, இன்னும் நேரம் எடுத்து. அதற்கடுத்த கிழமை அம்மாவின் அறையில் சூட்கேஸ் திறந்து கிடந்தது.

"அண்ணாட்டை ஒருக்காப் போட்டு வாறன். ஒரு கிழமைக்குத்தான்."

சேலைகளுக்கு நடுவில், துவாயில் சுற்றி, சாமிப்படம் இருந்தது. ஒரு கிழமைக்குப் போகிறவர் சாமிப்படத்தை எடுத்துக்கொண்டு போவதில்லை. இந்த வீட்டையும் ஜன்னலோரத்தில் வைத்த கறிவேப்பிலைச் சட்டியையும் விட்டுவிட்டு அண்ணா வீட்டு விருந்தினர் அறையில் அம்மா மிச்ச காலத்தைக் கழிக்கப்போகிறார் என்று எனக்கு விளங்கியது.

"அம்மா, நான் வேட்டையை விடுறன்."

"நீ விட்டாலும் மற்ற ஆக்கள் சுடுவினம்தானே. அவையும் எல்லாரும் இப்ப உந்தச் சைலென்சரைத்தானே பூட்டுகினம்."

"அப்ப சுட முதல் போன் அடிச்சுச் சொல்லட்டோ?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பண்டியிட்டை, கொஞ்சம் பொறு, அம்மாவுக்குச் சொல்லிப்போட்டு வாறன் எண்டு சொல்லுவியோ?"

சிரித்தபடியே சாமிப்படத்தைத் துவாயால் இன்னும் ஒருமுறை சுற்றினார். பிறகுதான் சொன்னார்.

"சத்தம் பெரிசெண்டு நான் எப்ப சொன்னனான்? அப்ப யாழ்ப்பாணத்திலை முதலிலை சன்னம் போற சத்தம் வரும், தடி முறிஞ்ச மாதிரி. பேந்து துவக்குச் சத்தம் வரும். நடுவிலை எண்ணிப்பாத்தால் எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் எண்டு தெரியும். தூரமெண்டால் எழும்பிப் போய்ச் சமைக்கலாம். உன்ரை பழைய துவக்கும் அப்பிடித்தான், எண்ணிப்போட்டு எழும்பிடுவன். உந்தப் புதுசிலை முதல் சத்தம் மட்டும் வருது. மற்றது வரும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறன். வரேல்லை. அது வராமல் எப்பிடிப் பிள்ளை எழும்புறது?"

இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஒலியைவிட வேகமாகப் போகும் சன்னம் காற்றைக் கிழிக்கிற சத்தத்தை எந்த சைலென்சரும் குறைக்காது. மெதுவான சன்னம் பாவிக்கலாம். ஆனால் பன்றிக்கு அந்தப் பலம் போதாது, சட்டமும் விடாது. நான் சரிவை நோக்கியே சுடுவேன், சன்னம் மண்ணுக்குள் போகவேண்டும் என்பதற்காக. அந்தக் கீறல் சத்தம் சரிவிலும் காட்டோரத்திலும் பட்டு எல்லாப் பக்கமிருந்தும் வீட்டுக்கு வரும். துவக்கு நிற்கும் இடத்தைக் காட்டுவது முனையில் வெடிக்கிற சத்தம் மட்டும்தான். அதைத்தான் நான் புள்ளி கூட்டிக் கூட்டி இல்லாமலாக்கியிருந்தேன்.

கடைக்காரரிடம் துவக்கைக் கொண்டுபோய்க் குழலை வெட்டச் சொன்னேன்.

"எவ்வளவுக்கு?"

"நாற்பத்தேழு."

"வேகம் குறையும். தூரத்தில் நிற்பதைச் சுடக்கூடாது. வெட்டிய பிறகு திரும்பவும் சோதனைக்கு அனுப்பி முத்திரை வாங்க வேண்டும். சத்தமும் கூடும்."

"எவ்வளவு கூடும்?"

"சைலென்சரோடு காதுக்கு ஆபத்தில்லை. ஆனால் ஒரு குத்து கேட்கும்." என்னைப் பார்த்தார். "வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாது."

அந்தக் குத்து எங்கள் சமையலறை வரைக்கும் போகுமா என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. கருவியை வைத்து அளந்திருக்கலாம். ஆனால் கருவிக்குக் கேட்பதும் அம்மாவுக்குக் கேட்பதும் ஒன்றில்லை.

துவக்கு முத்திரையோடு திரும்பி வந்தபோது, அண்ணா அம்மாவைக் கூட்டிப்போக வருவதாகச் சொன்ன சனிக்கிழமைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. சூரியன் சரிவுக்குப் பின்னால் இறங்கும் நேரம் பன்றிகள் வெளியே வந்தன. கிட்ட வரும்வரை காத்திருந்து சுட்டேன். முதலில் கீறல். உடனேயே, தரையில் மூட்டை போட்டதுபோல ஒரு குத்து. அது எந்த ஊரிலிருந்து வருகிற சத்தம் என்று இப்போது எனக்கும் தெரியும்.

வீட்டில் அம்மா வெண்டிக்காய் வதக்கிக்கொண்டிருந்தார்.

"சோளக்காணி அந்தப் பக்கத்து மூலை. தூரம். நீதான்," என்றார் திரும்பாமல்.

சனிக்கிழமை அண்ணா வந்து, சோறும் பன்றிக் கறியும் சாப்பிட்டு, தனியாகப் போனார். "அளந்துதான் போட்டாய்," என்று காரில் ஏறும்போது சொன்னார். சாமிப்படம் பழைய ஆணிக்கு வந்தது.

கார்த்திகை மாதத்தில் ஒரு மாலை. மழை. சோளம் வெட்டியாகிவிட்டது, துவக்கு பெட்டகத்துக்குள் பூட்டியிருந்தது. நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் கை கறிச்சட்டிக்கு மேலே நின்றது.

"கேட்டதோ?"

"இல்லையே அம்மா."

"முதல் சத்தம்."

அடுப்புக்கு மேலே ஓடிய புகைபோக்கி விசிறியை நிறுத்தினேன். மழை மட்டும்தான். அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

கரண்டியால் காட்டினார். ஜன்னல் பக்கமல்ல, நடைவழிப் பக்கம்.

"தூரமோ?"

அம்மா எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு உதடுகள் நின்றன. எனக்குக் கேட்காத மற்றச் சத்தமும் அவருக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

"தூரம்தான்," என்றார். "வெங்காயத்தைத் தா."