நவம்பரில் தெரிந்த வீடு

கிங்ஃபிஷர் ஆற்றில் படகில் போகிறவர் கண்ணில் ஒரு வீடுகூடப் படக்கூடாது. ஊர் கூடிப் போட்ட சட்டம் அது. கரையிலிருந்து இத்தனை அடி தள்ளிக் கட்டு, கரை மரத்தில் கை வைக்காதே என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும் சாரம் இவ்வளவுதான். வட மிச்சிகனில் அந்தச் சிற்றூருக்கு இருந்த ஒரே சொத்து அந்த ஆறு. அதற்குக் காவல் ரெய்னோ ஹாப்பலா. காலையிலும் மாலையிலும் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவார். நடுவில் கிடைக்கும் நேரத்தில் ஊரின் கட்டட அதிகாரி.

மேப்பிளும் பிர்ச்சும் இலை உதிர்த்து, ஆறு உறையாமல் இருக்கும் நவம்பரின் சில நாட்களில்தான் அவர் துடுப்பை எடுப்பார். "கோடையில பாத்தா எல்லா வீடும் யோக்கியம்தான்" என்பார். படகின் நடுவில் உட்கார்ந்து, ஆற்றின் நடுவில் போய், இரு கரையையும் பார்ப்பார். வெர்னன் என்பவரின் வராந்தாவில் ஒரு மூலை தெரிந்தது என்று அதை இடிக்க வைத்த ஆள். அன்றிலிருந்து பெட்ரோல் பங்கில் பார்க்கும்போதெல்லாம் வெர்னன் விடமாட்டார். "என்ன ரெய்னோ, என் மூக்குகூட ஆத்துல இருந்து தெரியுதாமே. வெட்டிடவா?"

ரெய்னோ சிரித்துக்கொள்வார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். அந்தப் பெருமைக்கு வந்தது வினை.

டெல்மரும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். டெல்மரின் மனைவி ஐலியும் அதே பள்ளிக்கூடம்தான். சனிக்கிழமையானால் ரெய்னோ வீட்டு சவுனா என்கிற நீராவிக் குளியல் அறையில் ஆண்கள் இருவரும் வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருப்பது வாலிப காலத்திலிருந்து வந்த வழக்கம். ஒரு ஆகஸ்ட் சனிக்கிழமை, சூடேறிய கல்லின் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு டெல்மர் சொன்னார்.

"ஐலிக்கு நுரையீரல் போயிடுச்சுடா. அடுத்த குளிர் தாண்டுறது கஷ்டம்னு டாக்டர் சொல்றாரு. ஆத்து மேட்டுல இருக்கிற நம்ம நிலத்துல ஒரு சின்ன வீடு கட்டணும். ஜன்னல்ல உக்காந்து ஆத்தப் பாக்கணுங்கிறா. வேற ஒண்ணும் கேக்கல."

"நவம்பர்ல பாத்துட்டுச் சொல்றேன்."

"நவம்பர்ல மண்ணு உறைஞ்சிடும். அப்புறம் வசந்தத்துலதான் கடக்கால் தோண்டணும். அப்ப யாருக்குடா வீடு?"

மறுநாளே ரெய்னோ படகை இறக்கினார். மேடு முழுக்க இலை, பச்சைச் சுவர் மாதிரி. இது தப்பு என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் பார்த்தார். டெல்மரின் மனு வந்த ஊர்க் கூட்டத்தில் தலைவி பெவர்லி வழக்கம்போலக் கேட்டார்.

"ஆத்துல இருந்து பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

எப்போது என்று யாரும் கேட்கவில்லை. போன நவம்பரில் பார்த்திருப்பார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ரெய்னோ எப்போது பார்ப்பார் என்பது ஊருக்கே தெரிந்த விஷயமாயிற்றே.

பனி விழுமுன் வீடு எழுந்தது. அந்த நவம்பரில் ரெய்னோவின் படகு ஆற்று வளைவில் திரும்பியது. மொட்டை மரங்களுக்கு நடுவே வீடு முழுசாகத் தெரிந்தது. ஜன்னலில் ஐலி, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு. அவரைக் கண்டதும் கையை உயர்த்தி ஆட்டினார். ரெய்னோவும் கையை ஆட்டினார். அதற்கடுத்த கூட்டத்தில், "புதுசா எதுவும் தெரியல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நவம்பரில் அந்த ஆற்றில் அவரைத் தவிர யாரும் படகு விடுவதில்லை. அதனால் விஷயம் வெளியே வரவில்லை. ஐலியோ சாகவில்லை. சொன்ன டாக்டர் வேலையை விட்டு ஃபுளோரிடா போய்விட்டார். ஐலி மூன்று குளிர்காலத்தைத் தாண்டிவிட்டார். ஒவ்வொரு நவம்பரும் அதே கை, அதே பதில் கை, கூட்டத்தில் அதே பொய். ஐலி இறந்திருந்தால் அந்தப் பொய்க்கு இரக்கம் என்றாவது பெயர் வைத்திருக்கலாமே என்று ஒருநாள் பஸ் ஓட்டும்போது தோன்றிவிட்டது. அந்த நினைப்புக்காகவே அவர் தன்னை வெறுத்தார். அன்று ஒரு நிறுத்தத்தில் நிற்காமல் போய், பிள்ளைகள் கத்திய பிறகு திரும்பி வந்தார்.

நான்காம் வருஷம் ஒரு கம்பெனி வந்தது. மேடு நெடுக ஆற்றைப் பார்த்த மாதிரி விடுதி வீடுகள் கட்ட அனுமதி கேட்டது. அவர்களுடைய வக்கீல் விவரமான ஆள். போன நவம்பரிலேயே படகில் ஆள் அனுப்பிப் படம் எடுக்க வைத்திருந்தார். கூட்டத்தில் திரையில் போட்டார். டெல்மர் வீடு, ஜன்னல், ஜன்னலில் ஐலி.

"இதுக்கு நீங்க அனுமதி குடுத்திருக்கீங்க. இது தெரியலாம்னா எங்களுதும் தெரியலாம். இல்ல, ஆளுக்கு ஒரு சட்டமா?"

பெவர்லி திரும்பினார். "ரெய்னோ, இது எப்படி?"

இரண்டாவது வரிசையில் டெல்மர் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஐலி. டெல்மர் முகத்தில் பயமே இல்லை. ரெய்னோ பார்த்துக்கொள்வான் என்ற நிம்மதிதான் இருந்தது. அதுதான் ரெய்னோவைக் கொன்றது. அனுமதி சரி என்றால் ஆறு போகும். தப்பு என்றால் அந்த ஜன்னல் போகும்.

"நான் பாத்தது ஆகஸ்ட்ல," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னார். "அதுக்கப்புறம் மூணு நவம்பர் பாத்தேன். தெரிஞ்சுது. தெரியலைன்னு சொன்னேன்."

பின்னாலிருந்து வெர்னன், "அடப்பாவி, என் வராந்தாவ மட்டும் நவம்பர்ல பாத்தியே" என்றார். யாரும் சிரிக்கவில்லை. டெல்மர் எழுந்து, ஐலியின் ஆக்சிஜன் உருளையைத் தூக்கிக்கொண்டு, ஐலியைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போனார்.

விடுதிகளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. டெல்மர் வீட்டைப் பின்னால் தள்ளச் சொல்லி முடிவானது. ரெய்னோ வேலையை விடுகிறேன் என்றார். வேறு யாரும் வராததால் அவரையே இருக்கச் சொன்னார்கள். வசந்தத்தில் மண் இளகியதும் வீட்டை அப்படியே தூக்கி, இரும்பு உத்திரங்களின் மேல் வைத்து குளிரிலும் இலை உதிர்க்காத ஸ்புரூஸ் மரங்களுக்குப் பின்னால் உருட்டினார்கள். உதவிக்குப் போன ரெய்னோவிடம் டெல்மர் ஒரே ஒரு வார்த்தை பேசினார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. போ."

அதன் பிறகு சனிக்கிழமைகளில் ரெய்னோ சவுனாவைச் சூடேற்றுவார். தனியாக உட்காரப் பிடிக்காமல், கல் ஆறட்டும் என்று விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார்.

நவம்பர் வந்தது. வளைவு திரும்பினார். மேட்டில் வீடு இல்லை. சந்தோஷப்பட வேண்டிய காட்சிதான். அவர் துடுப்பை நிறுத்தினார். பழக்க தோஷத்தில் கை பாதி உயர்ந்தது. அப்போதுதான் தண்ணீர் ஓரத்தில் ஐலியைப் பார்த்தார். கனத்த கோட்டில், ஒரு பிர்ச் மரத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க நின்றிருந்தார்.

படகைக் கரையோரம் விட்டார். "இந்த உடம்ப வெச்சுக்கிட்டு எப்படி இறங்கி வந்த?"

"வீடுதானே தெரியக்கூடாது? ஆளு தெரியலாம்ல?" ஐலிக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. "டெல்மர்தான் கைபிடிச்சுக் கூட்டிட்டு வந்தான். இப்ப மேல நிக்கிறான். உன்னப் பாக்க மாட்டானாம்."

ரெய்னோ நிமிர்ந்து மேட்டைப் பார்த்தார். நடு ஆற்றுக்குப் போயும் ஒருமுறை பார்த்தார். ஸ்புரூஸ் மரங்கள் அடர்ந்து நின்றன. அவற்றுக்குப் பின்னால் என்ன இருந்தாலும், யார் நின்றாலும், ஆற்றிலிருந்து தெரியவில்லை.